வெட்டக் கூலி ஆயிரக்கணக்கில், விறகு இலவசம்: அமெரிக்காவில் மரத்துண்டுகள் சும்மா கிடைப்பது ஏன், வாங்குவது எப்படி?

நியூஜெர்சியில் புதிதாக வீடு வாங்கிய ஐ.டி. ஊழியர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். கொல்லைப்புறத்தில் ஒரு பெரிய ஓக் மரம். காற்றில் கிளை முறிந்து கூரைமேல் விழுந்துவிட்டது. மரத்தையே எடுத்துவிடலாம் என்று ட்ரீ சர்வீஸ் கம்பெனியைக் கூப்பிட்டால், வந்து பார்த்துவிட்டு மூவாயிரம் டாலர் கேட்கிறார்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவுக்குக் கணக்கு இடிக்கிறது.

"ஏன்டா தம்பி, மரத்தையும் கொடுத்துட்டு மூவாயிரம் டாலரையும் நாமளே கொடுக்கணுமா? நம்ம ஊர்ல வியாபாரி வந்து காசு கொடுத்துட்டுல்ல மரத்தை வெட்டிட்டுப் போவான்?"

"இங்க ஆள் கூலியும் மெஷினும்தான்ப்பா காசு. மரத்துக்கு விலையே கிடையாது."

"விலையே கிடையாதுன்னா, அந்தக் கட்டையை நமக்கே போட்டுட்டுப் போகச் சொல்லேன்."

அப்பா சொன்னது விளையாட்டுப் பேச்சு இல்லை. அமெரிக்காவில் குளிர்காலத்துக்கு விறகு சேர்க்கும் பல குடும்பங்கள் இதைத்தான் செய்கின்றன. மரம் வெட்டும் கம்பெனிகளிடமிருந்து அடிமரத் துண்டுகளை இலவசமாகவோ, வண்டி வாடகைக்கு ஈடாக ஒரு சின்னத் தொகைக்கோ வாங்கிக்கொள்கிறார்கள். ஆனால் அந்த 'இலவசம்' எங்கே முடிந்து செலவு எங்கே ஆரம்பிக்கிறது என்பது தெரியாமல் லாரியை வரச் சொன்னால், வாசலில் மலைபோல் கட்டை கிடக்கும். அடுப்பில் வைக்க ஒன்றுகூட ஆகாது.

சும்மா கொடுப்பதில் அவர்களுக்கு என்ன லாபம்?

ஒரு மரத்தை வெட்டி முடித்ததும் கம்பெனிக்கு இரண்டு வகைக் கழிவு மிஞ்சும். சின்னக் கிளைகள் சிப்பர் என்ற இயந்திரத்துக்குள் போய்த் தூளாகிவிடும். லாரியில் அள்ளிக்கொண்டு போவது சுலபம். தலைவலி அடிமரம்தான். சிப்பருக்குள் நுழையாது, கனம் அதிகம், தூக்க கிரேன் கை வைத்த வண்டி வேண்டும். குப்பைக் கிடங்குக்குக் கொண்டுபோனால் பல ஊர்களில் எடைபோட்டு டன் கணக்கில் கட்டணம் வாங்குவார்கள். போக வர டீசல், டிரைவர் சம்பளம், வரிசையில் நிற்கும் நேரம் எல்லாம் அதற்கு மேல்.

மர மில்லுக்கு விற்கலாமே என்று தோன்றும். வீட்டுத் தோட்டத்து மரங்களை மில்காரர்கள் பெரும்பாலும் சீந்துவதில்லை. எப்போதோ கொடி கட்ட அடித்த ஆணி, ஊஞ்சல் மாட்டிய கொக்கி, வேலிக் கம்பி என்று ஏதாவது ஒன்று மரத்துக்குள் புதைந்து கிடக்கும். அது ரம்பத்தில் மாட்டினால் பிளேடு போச்சு. ஒன்றிரண்டு மரத்துக்காக வண்டி அனுப்புவதும் அவர்களுக்குக் கட்டுப்படி ஆகாது.

ஆக, வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே "எங்க வீட்டு வாசல்ல போட்டுட்டுப் போங்க" என்று ஒருவர் சொன்னால், கம்பெனிக்குக் கிடங்குக் கட்டணமும் மிச்சம், நேரமும் மிச்சம். தமிழ்நாட்டுக் கிராமங்களில் விறகுத் தொட்டிக்கும் செங்கல் சூளைக்கும் மரம் தேவைப்படுவதால் வியாபாரி பணம் கொடுத்து வாங்குகிறார். அங்கே கேட்க ஆள் இல்லாத இடத்தில் அதே மரம் கழிவு. அப்பாவின் கேள்விக்குப் பதில் அவ்வளவுதான்.

எப்படிக் கேட்பது?

பெரிய கம்பெனிகளைவிட, இரண்டு மூன்று வண்டி வைத்துத் தொழில் செய்யும் உள்ளூர்க்காரர்களிடம் கேட்பது பலன் தரும். பெரிய கம்பெனிகள் பலவற்றுக்குச் சொந்தக் கிடங்கும், விறகாக்கி விற்கும் பிரிவும் இருக்கும். சின்னக் கம்பெனிக்காரர் தினமும் சாயந்திரம் 'இதை எங்கே கொட்டுவது' என்று யோசிப்பவர்.

போனில் சொல்ல வேண்டியது அதிகமில்லை. வீடு எந்தப் பகுதியில் இருக்கிறது, லாரி உள்ளே வர வழி இருக்கிறதா, எவ்வளவு இடம் காலி, என்ன மரம் வந்தாலும் சரியா, முழு லோடும் எடுத்துக்கொள்வீர்களா. இந்த ஐந்துக்கும் தெளிவாகப் பதில் இருந்தால் உங்கள் நம்பரைக் குறித்துவைத்துக்கொள்வார்கள். "ஓக் மட்டும்தான் வேணும், பதினாறு அங்குலத் துண்டாத்தான் வேணும், சனிக்கிழமைதான் வரணும்" என்று நிபந்தனை போட்டால் அந்த நம்பர் அப்படியே மறந்துபோகும். இலவசம் கேட்கும்போது தேர்வு செய்யும் உரிமை நம் கையில் இல்லை. அளவாக அறுத்துத்தான் வேண்டும் என்றால் அதற்குக் காசு கொடுக்கத் தயாராக இருக்க வேண்டும். அப்போதுகூடக் கடையில் வாங்குவதைவிட மலிவாகவே முடியும்.

தெருவில் வேலை நடப்பதைப் பார்த்தால் நேரில் போய்க் கேட்பதும் வழக்கம்தான். ஆனால் மரம் ஏறியிருக்கும்போது கீழே போய் நிற்கக் கூடாது. தள்ளி நின்று, ரம்பம் ஓய்ந்தபிறகு மேஸ்திரியிடம் பேச வேண்டும். இன்னொன்று: மரம் வீட்டுக்காரருடையது. சாலையோரம் கிடக்கிறதே என்று காரில் ஏற்றிக்கொண்டு வரக் கூடாது. மின்கம்பிக்காக வெட்டிப்போட்ட கட்டையும் பொதுவாக நிலத்துக்காரருக்கே சொந்தம். கதவைத் தட்டிக் கேட்டால் "எடுத்துட்டுப் போங்க, புண்ணியமாப் போகும்" என்ற தொனியில்தான் பெரும்பாலும் பதில் வரும்.

ஆப் வழியாகவும் நடக்கிறது. சிப் டிராப் என்ற சேவை, மரத்தூள் வேண்டும் என்கிற தோட்டக்காரர்களையும் கொட்ட இடம் தேடும் மரவெட்டிகளையும் இணைக்கிறது. கட்டைகளும் வேண்டும் என்று அதில் குறிப்பிடலாம். கொஞ்சம் காசு சேர்த்துக் கொடுக்கிறேன் என்றால் வரும் வாய்ப்பு கூடும். ஆனால் எப்போது வரும், எவ்வளவு வரும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆபீஸ் போய்விட்டுத் திரும்பி வந்தால் டிரைவ்வே மூடிக் கிடக்கலாம், காரை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் முழிக்க வேண்டியிருக்கும். ஹெச்.ஓ.ஏ. என்கிற குடியிருப்போர் சங்கம் உள்ள காலனி என்றால், முன்வாசலில் விறகு குவிக்கலாமா என்பதை முதலிலேயே விதிப் புத்தகத்தில் பார்த்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் இலவச விறகுக்கு அபராதச் சீட்டு வரும்.

சில நகராட்சிகள் தாங்கள் வெட்டிய மரங்களை ஒரு முற்றத்தில் போட்டுவைத்து, உள்ளூர்வாசிகளை எடுத்துக்கொள்ளச் சொல்கின்றன. தேசியக் காடுகள் பலவற்றில் சொந்த உபயோகத்துக்கு விறகு சேகரிக்க மலிவான அனுமதிச் சீட்டும் உண்டு. அது தனிக் கதை. காட்டுக்குள் பிக்கப் வண்டியும் ரம்பமும் கொண்டுபோகத் தெரிந்தவர்களுக்கானது.

வந்து இறங்கிய பிறகு

இங்கேதான் பலர் கணக்கைத் தப்பாகப் போடுகிறார்கள். பச்சை ஓக் மரம் ஒரு கன அடிக்கு ஏறக்குறைய 28 கிலோ இருக்கும். இரண்டு அடி விட்டமும் 16 அங்குல நீளமும் கொண்ட ஒரே ஒரு உருளைத் துண்டு சுமார் 120 கிலோ. எட்டடி நீளத்துக்கு அப்படியே போட்டுவிட்டுப் போனால் 700 கிலோவுக்கு மேல். அதை நகர்த்தவே மூன்று பேர் கடப்பாரையோடு நிற்க வேண்டும்.

அதை அறுக்க செயின்சா வேண்டும். அதோடு ரம்பம் தொடையில் பட்டால் சங்கிலியை நிறுத்தும் பாதுகாப்புக் கால்சட்டை, தலைக்கவசம், காதுக்கும் கண்ணுக்கும் மறைப்பு. யூடியூபில் இரண்டு வீடியோ பார்த்துவிட்டு ஆரம்பிக்கிற வேலை இல்லை இது. பிளேடின் நுனி எதிலாவது இடித்தால் ரம்பம் ஒரு நொடியில் முகத்தை நோக்கி எகிறும். பழக்கம் இல்லாதவர்கள், வெட்டும் கம்பெனியிடமே "பதினாறு அங்குலமா அறுத்துப் போட எவ்வளவு ஆகும்?" என்று கேட்பதுதான் புத்திசாலித்தனம். பிளப்பதற்கு லாக் ஸ்ப்ளிட்டர் இயந்திரத்தை நாள் வாடகைக்கு எடுக்கலாம். நாலு வீடு சேர்ந்து எடுத்தால் செலவு பங்காகிவிடும்.

எல்லா மரமும் ஒன்றாகப் பிளக்காது. நேர் இழை உள்ள ஓக், ஆஷ் எல்லாம் கோடாலிக்கு வாயைத் திறக்கும். எல்ம், ஸ்வீட்கம் இரண்டும் இழை முறுக்கிக்கொண்டு கோடாலியைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். வில்லோ, பாப்லர் லேசாகப் பிளக்கும், ஆனால் சட்டென்று எரிந்து சாம்பலாகிவிடும். இலவச லோடில் எது வரும் என்று தெரியாது என்பதை இங்கே இன்னொரு தடவை நினைவில் வைக்கலாம்.

காசு கொடுத்து வாங்குவதோடு ஒப்பிட அமெரிக்க அளவு தெரிந்திருக்க வேண்டும். விறகை 'கார்ட்' கணக்கில் விற்கிறார்கள். நாலடி அகலம், நாலடி உயரம், எட்டடி நீளம் அடுக்கினால் 128 கன அடி. அது ஒரு கார்ட். 'ஃபேஸ் கார்ட்' என்று சொல்லி விற்பது ஒரே வரிசை அடுக்கு. 16 அங்குலத் துண்டு என்றால் அது முழு கார்டில் மூன்றில் ஒரு பங்குதான். விலையை மட்டும் கேட்டுவிட்டு ஏமாறுபவர்கள் அதிகம். காய்ந்த விறகு ஒரு கார்ட் பல ஊர்களில் சில நூறு டாலர் ஆகிறது. இரண்டு மூன்று கார்ட் எரிக்கிற வீட்டுக்கு இலவச மரம் கணிசமான மிச்சம். கிறிஸ்துமஸ் வாரத்தில் நாலு நாள் நெருப்பு மூட்டிப் போட்டோ எடுக்கிற வீட்டுக்கு, கடையில் ஒரு கட்டு வாங்குவதே மலிவு.

ஈர விறகு என்ற பழைய எதிரி

விறகடுப்பில் சமைத்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மழைக்காலத்தில் அம்மா ஊதாங்குழலை ஊதி ஊதிக் கண்ணீர் விட்ட காட்சி போதும். அன்று வெட்டிய மரத்தின் எடையில் பல வகைகளில் கிட்டத்தட்ட பாதி தண்ணீர். அதை அடுப்பில் போட்டால் வெப்பமெல்லாம் தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். அறை சூடாகாது, புகை மட்டும் மண்டும்.

கூரைப் புகைபோக்கி உள்ள வீட்டில் இது கண் எரிச்சலோடு நிற்பதில்லை. சரியாக எரியாத புகை, குளிர்ந்த புகைபோக்கிச் சுவரில் தார் மாதிரி படியும். கிரியோசோட் என்று அதற்குப் பெயர். அது கெட்டியாகி ஒருநாள் தீப்பற்றினால் புகைபோக்கிக்குள்ளேயே நெருப்பு, பிறகு கூரையிலும். மரச்சட்டத்தில் கட்டிய அமெரிக்க வீடுகளில் இதன் விபரீதத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்வது, எரிக்கிற விறகில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று. அதற்குப் பைன் போன்ற மென்மரம் குறைந்தது ஆறு மாதமும், வன்மரங்கள் ஒரு வருடமும் காய வேண்டும். ஓக் இரண்டு கோடை கேட்கும் என்பது அனுபவக்காரர்களின் கணக்கு. உருளையாகவே போட்டுவைத்தால் வருடக்கணக்கில் காயாது. பிளந்து அடுக்கிய நாளிலிருந்துதான் கணக்கு ஆரம்பிக்கிறது. தரையில் படாமல் பலகைமேல் அடுக்கி, மேலே மட்டும் மூடி, பக்கவாட்டில் காற்று போக விட வேண்டும். தார்ப்பாயால் நாலுபுறமும் சுற்றிக் கட்டினால் உள்ளே பூஞ்சைதான் வளரும்.

மாய்ஸ்ச்சர் மீட்டர் என்ற சின்னக் கருவி சில பத்து டாலருக்குள் கிடைக்கும். ஒரு துண்டைப் புதிதாகப் பிளந்து, உள்பக்கத்தில் குத்திப் பார்க்க வேண்டும். வெளிப்பக்கம் எப்போதும் பொய் சொல்லும். கருவி இல்லாவிட்டால் இரண்டு துண்டுகளைத் தட்டிப் பார்க்கலாம். காய்ந்தது 'டங்' என்று கணீரென ஒலிக்கும். ஈரமானது 'தொப்'.

கட்டையோடு வீட்டுக்கு வரும் பூச்சி

விறகு மலிவாகக் கிடைக்கிறதே என்று நூறு மைல் தள்ளியிருக்கும் நண்பர் வீட்டுக்கும், கேம்பிங் போகும்போது டிக்கியிலும் ஏற்றிப்போகும் பழக்கம் உண்டு. இலவச விறகில் மிகப் பெரிய விலையைக் கேட்ட பழக்கம் இதுதான்.

2002-ல் மிச்சிகன் மாநிலம் டெட்ராய்ட் பக்கம் ஆஷ் மரங்கள் காரணம் தெரியாமல் காய்ந்துகொண்டிருந்தன. காரணம் ஆசியாவிலிருந்து வந்த எமரால்டு ஆஷ் போரர் என்ற வண்டு. மரகதப் பச்சை நிறம், அரை அங்குல நீளம். அதன் புழு பட்டைக்கு அடியில் வளைந்து வளைந்து சுரங்கம் போட்டு, மரத்துக்குச் சத்து போகும் பாதையையே அறுத்துவிடும். வண்டு தானாகப் பறந்து போகும் தூரம் குறைவு. ஆனால் வெட்டிய கட்டைக்குள் இருக்கும் புழு, பிக்கப் வண்டியில் உட்கார்ந்து ஒரே நாளில் மாநிலம் தாண்டிவிடும். கோடிக்கணக்கான ஆஷ் மரங்கள் செத்துப்போயின. தலைமுறைகளாக பேஸ்பால் மட்டை செய்த மரம் அது. பரவலைத் தடுக்க மத்திய அரசு போட்டிருந்த தனிமைப்படுத்தல் உத்தரவு 2021 ஜனவரியில் விலக்கிக்கொள்ளப்பட்டது. ஆபத்து தீர்ந்ததால் இல்லை, வண்டு அதற்குள் அவ்வளவு தூரம் பரவிவிட்டது.

ஆகவே வெட்டிய இடத்திலிருந்து பத்து மைலுக்குள் எரிப்பது நல்லது, ஐம்பது மைலைத் தாண்டவே கூடாது என்பது இன்று பரவலாகச் சொல்லப்படும் அறிவுரை. நியூயார்க் மாநிலத்தில் சூடேற்றிப் பதப்படுத்தாத விறகை ஐம்பது மைலுக்கு மேல் கொண்டுபோவதற்குச் சட்டமே தடை போடுகிறது. உள்ளூர் ட்ரீ சர்வீஸிடம் வாங்குவதில் உள்ள உண்மையான நன்மை இது: பக்கத்துத் தெரு மரம் பக்கத்துத் தெருவிலேயே எரிகிறது.

தமிழர்கள் அதிகம் வாழும் இடங்களுக்கே தனித்தனிப் பிரச்சினை உண்டு. 2014-ல் பென்சில்வேனியாவில் முதலில் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்பாட்டட் லேன்டர்ன்ஃப்ளை, நியூஜெர்சிக்காரர்களுக்கு இப்போது நன்றாகவே தெரிந்த பூச்சி. மரப்பட்டையில் சேறு அப்பியது மாதிரி தெரிந்தால் அது முட்டைக் கூட்டமாக இருக்கலாம். சுரண்டி எடுத்து அழிக்க வேண்டும். ஆஸ்டின் பக்கம் இருப்பவர்கள் ஓக் வில்ட் என்ற பூஞ்சை நோயைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நோயில் செத்த சிவப்பு ஓக் மரத்தின் பச்சை விறகை, நல்ல ஓக் மரங்கள் நிற்கும் இடத்தில் சும்மா குவித்துவைத்தால் பூச்சிகள் வழியாக அவற்றுக்கும் தொற்றலாம். கலிபோர்னியாவின் வளைகுடாப் பகுதியிலோ, விறகு கிடைத்தாலும் எரிக்க முடியாத நாட்கள் உண்டு. காற்று மாசு எச்சரிக்கை அறிவித்த நாளில் அங்கே விறகு எரிப்பது சட்டவிரோதம்.

சில கட்டைகளை எந்த ஊரிலும் அடுப்பில் வைக்கக் கூடாது. பாய்சன் ஐவி கொடி சுற்றிய மரத்தில் ரோமம் அடர்ந்த கயிறு மாதிரி தண்டு ஒட்டியிருக்கும். கையில் பட்டாலே தோல் வெந்துபோகும். எரித்த புகையைச் சுவாசித்தால் நுரையீரலுக்கே ஆபத்து. அரளியும் அப்படித்தான். ஊரில் பூஜைக்குப் பறித்த பூவாயிற்றே என்று அதன் கட்டையைக் குளிர்காய வைக்கக் கூடாது, அந்தப் புகையும் விஷம்.

லாரியைக் கூப்பிடும் முன்

இத்தனையும் படித்துவிட்டு போனை எடுக்கும் முன் ஒரு தடவை ஹாலில் இருக்கும் ஃபயர்பிளேஸைக் குனிந்து பார்ப்பது நல்லது. புதிய வீடுகள் பலவற்றில் இருப்பது கேஸில் எரிவது. உள்ளே தெரிகிற 'கட்டை' வெறும் பொம்மை. அதில் விறகு வைக்க முடியாது. திறந்த ஃபயர்பிளேஸ் என்றால் சூட்டில் பெரும்பகுதி புகைபோக்கி வழியாக வெளியேதான் போகும்; கதவு வைத்த இரும்பு விறகடுப்புதான் வீட்டைச் சூடாக்கும். எதுவானாலும் வருடத்துக்கு ஒருமுறை ஆள் வைத்துப் புகைபோக்கியைச் சோதித்துச் சுத்தம் செய்ய வேண்டும், கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். அள்ளிய சாம்பலை மூடி போட்ட உலோக வாளியில், வீட்டை விட்டுத் தள்ளி வெளியில் வைக்க வேண்டும். மேலே ஆறியிருந்தாலும் அடியில் கங்கு நாள்கணக்கில் உயிரோடு இருக்கும்.

பிரிட்டனிலும் இதே தொழில், பெயர்தான் 'ட்ரீ சர்ஜன்'. அங்கே இங்கிலாந்தில் 2021 மே 1 முதல், இரண்டு கன மீட்டருக்குக் குறைவாக விற்கும் விறகு ஈரப்பதம் 20 சதவீதத்துக்குள் இருந்தாக வேண்டும். சும்மா கிடைத்த பச்சைக் கட்டையைக் காயவைத்துக்கொள்வது வீட்டுக்காரர் பாடு. லண்டனின் பல பகுதிகள் புகைக் கட்டுப்பாட்டு மண்டலம் என்பதால், அங்கீகரித்த அடுப்பில் மட்டுமே விறகு எரிக்கலாம்.

நியூஜெர்சி வீட்டுக்கே திரும்பினால், மகன் பேசி முடித்துவிட்டார். ஓக்கைத் துண்டாக அறுத்துக் கொல்லையிலேயே போட்டுவிட்டுப் போவார்கள்; ஏற்றிப்போகும் வேலை மிச்சம் என்பதால் கூலியிலும் கொஞ்சம் கழிவு.

"அப்ப இந்தக் குளிருக்கு இதை எரிக்கலாம்?"

"இல்லப்பா. இப்பப் பொளந்து அடுக்கினா, இந்தக் குளிரும் போய், அடுத்த குளிரும் போய், அதுக்கடுத்த குளிருக்குத்தான் ஆகும்."

"அதுவரைக்கும்?"

"கடையில ஒரு கட்டு வாங்கிட்டு வரேன்."